குடையை வீசியெறிந்த படம்

அக்கா, பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைத்தான் கேட்பாய்.

என் பெரிய பேரன் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டான். யூனிஃபார்மைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறான், என்னைத் தொடவிடுவதில்லை. அவன் தங்கச்சி நர்சிங் இரண்டாம் வருடம். வலிக்காமல் ஊசி போடுவதில் அவள்தான் கிளாஸில் முதல் என்கிறார்கள். உன் பேரன் ஓசூரில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கி அனுப்பினான். கடைசியாகக் கயல், என் சின்ன மகன் பெண். ‘போட்டாக்காரி’ என்று கூப்பிடுவாயே, அவள்தான். இப்போது பன்னிரண்டாவது. பள்ளிக்கூடத்துக் கேமரா இன்னமும் அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. கபடி, கோ-கோ, காலைப் பிரேயர், பரீட்சையன்று மரத்தடியில் நகம் கடித்துக்கொண்டு படிக்கிற முகங்கள், எல்லாவற்றையும் எடுக்கிறாள். நோட்டீஸ் போர்டில் வாராவாரம் அவள் படம்தான். மாவட்டப் போட்டியில் அவளுடைய கபடிப் படத்துக்கு முதல் பரிசு. ஐந்தாவதோடு நின்றவள் நான். அந்தச் சர்டிஃபிகேட்டில் அவள் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

சந்தோஷம் அவ்வளவுதான் அக்கா. மிச்சமெல்லாம் வயிற்றெரிச்சல்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் உன் மகன் நைட் ஷிஃப்ட் முடித்து எதிரே இருக்கிற வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்தான். வருகிற வாரம் உன் வருஷத் திதி. நம் குடியிருப்பின் பிளாக் முனையில் நினைவஞ்சலி பேனர் கட்டப்போகிறானாம். குள்ளஞ்சாவடி ஃபிளெக்ஸ் கடையில் செய்த மாதிரியைப் போனில் காட்டி, “நல்லா வந்திருக்குதா பாருங்க சித்தி” என்றான்.

பார்த்தேன். ரேஷன் கார்டுக்கு எடுத்த உன் தலை. யாரோ அதட்டி உட்காரவைத்ததுபோல் விறைத்த முகம். அதையும் மாவு தடவினாற்போல வெளுக்க வைத்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே நீயே இல்லை. மாம்பழக் கலர் பட்டுப்புடவை, இரட்டை வடச் சங்கிலி, பின்னால் மேகம்.

“இந்தப் பொடவ ஏதுடா? உங்கம்மா இத எப்பக் கட்டுச்சு?”

“கடக்காரரே போட்டுக் குடுத்தாரு சித்தி. ரெடியா வச்சிருக்காங்க. தலய மட்டும் மாத்திக்கலாம்.”

போன வாரம் சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கிற இடத்தில் யாரோ ஓர் அம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. இதே மாம்பழப் புடவை, இதே சங்கிலி, இதே மேகம்.

“ஏண்டா, அந்தம்மாவுக்கும் உங்கம்மாவுக்கும் ஒரே ஒடம்பா?” என்றேன். அவன் சிரிக்கவில்லை. நீ கேட்டிருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாய்.

உள்ளே இருந்த கயலைக் கூப்பிட்டு, “அந்தப் படத்த எட்றீ” என்றேன்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். போன வருஷப் பள்ளிக்கூட விளையாட்டு விழா. மொட்டை வெயில். கேமராத் திரையில் வெயில் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று கயல் குடை பிடிக்க ஆள் தேடினாள். எனக்கு முட்டிவலி, நிழலில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். “நான் புடிக்கிறேண்டி போட்டாக்காரி. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப் போடத்தான் வந்துகினு இருந்தேன், வெளயாட்டுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கேன்” என்று நீ கிளம்பினாய். கயிற்றோரமாக, ஓட்டம் முடிகிற கோட்டு முனையில், அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாய்.

பெண்கள் ரிலே. பச்சை அணியின் கடைசிப் பெண் வாங்கும்போதே குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். மற்றவர்கள் பாதித் தூரம் போய்விட்டார்கள். அவள் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினாள் பார்! ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். அப்போதுதான் உன் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

“யாரு பெத்த புள்ளயோ தெரியிலியே! ஓடுறீ! வுடாதடீ! வுடாத!”

குடை ஒரு பக்கம் பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. இரண்டு கையும் மேலே. கோட்டைக் குறிபார்த்து உட்கார்ந்திருந்த கயல் உன் சத்தத்தில் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் உன்னை எடுத்துவிட்டாள். யார் முதலில் கோட்டைத் தாண்டியது என்ற படம் போயே போய்விட்டது.

விளையாட்டு வாத்தியார் வந்து, “ஃபினிஷிங் படம் எங்கம்மா?” என்றார்.

“எடுக்கல சார்.”

“பின்ன என்னத்த எடுத்துகினு இருந்த?”

அவள் உன்னைக் காட்டினாள். அவர் கேமராவைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இவங்க எந்த டீமு?” என்றார்.

சாயங்காலம் குழாயடியில் அந்தப் படத்தை உனக்குக் காட்டினோம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாய். “இதாண்டி நானு. மத்ததெல்லாம் கார்டுக்கு எடுத்தது” என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நான் செத்தா இதத்தான் வெக்கணும், சொல்லிட்டேன்” என்றாய். “யாரு மொதல்ல போறோம்னு பாக்கலாம், போக்கா” என்றேன். மழை பிடிப்பதற்குள் நீதான் போனாய். அன்றைக்கு அவசரம். சாவுப் போஸ்டரில் கையில் கிடைத்த கார்டுப் படத்தைப் போட்டார்கள். இப்போது என்ன அவசரம்?

உன் மகன் அந்தப் படத்தைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. சரி, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

“சித்தி, நல்லாத்தான் இருக்குது. ஆனா பேனர்ல வாயத் தொறந்துகினு, முடிய விரிச்சிகினு நின்னா ஊரு என்னா சொல்லும்? என் ஷிஃப்ட்டு ஆளுங்கல்லாம் வருவாங்க.”

“உங்கம்மா கேட்டது இதுதாண்டா.”

“அம்மா வெளயாட்டுக்குச் சொல்லியிருக்கும். செத்தவங்களுக்கு ஒரு மரியாத இருக்குதில்ல?”

அவன் நல்ல பிள்ளை அக்கா. உன் காரியத்தில் ஒரு குறை வைக்கவில்லை. உன் சேலையை இன்னமும் மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறான். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடுகிறது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அவன் போனதும் கயலை இழுத்துக்கொண்டு குள்ளஞ்சாவடிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரப் பையன் கயல் போனில் படத்தைப் பார்த்ததும், “சூப்பரு ஆயா! யாரு எடுத்தது?” என்றான். கயலைக் காட்டினேன், கொஞ்சம் கர்வத்தோடுதான். “ஆனா ஆர்டர் குடுத்தவரு சொல்லணுமே” என்று தலையைச் சொறிந்தான். பிறகு நமக்கு உதவி செய்கிறவன்போல முன்னால் சாய்ந்து, “ஒண்ணு பண்ணலாம் ஆயா. வாய மூடிடறேன். கையக் கீழ எறக்கி, கும்புட்ட மாதிரி வச்சிடறேன். முடியச் சீவிடலாம். பட்டுப்பொடவ ஃப்ரீ” என்றான்.

கயல் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “வேணாண்ணா” என்று ஒரே வார்த்தை.

திரும்பும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வடலூர் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள். “ஸ்கூல்லயும் இதேதான் ஆயா. அழுவுற புள்ளய எடுத்தா வேணாங்கறாங்க. வுழுந்தத எடுத்தா வேணாங்கறாங்க. கப்பு வாங்கிகினு வரிசயா நிக்கறத எடுத்தா போதுமாம். அதுக்கு எதுக்கு நானு? சுவத்துல கேமராவ மாட்டி வுட்டா போதாதா?”

எனக்குத் தெரிந்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீ போனபிறகு எந்தப் போட்டியானாலும் கயலுக்குக் குடை பிடிப்பது நான்தான். முட்டி வலித்தாலும் நிற்கிறேன். கடைசியாக வருகிற பிள்ளை யாராக இருந்தாலும் அதன் பெயரைக் கேட்டுவைத்துக்கொண்டு கத்துகிறேன். உன் குரல் எனக்கு இல்லை, பாதியிலேயே உடைந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கிற டீச்சர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நீ எனக்கு விட்டுப்போன பழக்கம் இது ஒன்றுதான். இதை எந்தக் கடைக்காரனும் திருத்த முடியாது.

நாளைக் காலையில் கடை திறந்ததும் கடைக்காரப் பையன் பேனர் அடித்துவிடுவானாம். நான் சொல்லிப் பார்த்தாயிற்று, கயலும் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த வயசில் நான் யார் காலில் விழுவது? உன் மகன் எதிர் வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டு நைட் ஷிஃப்ட் தூக்கம் தூங்குகிறான். குறட்டை இங்கே கேட்கிறது. நான் எழுப்பினால் கோபம்தான் வரும். நீ போ அக்கா. கனவில் போய் அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டு. “அந்தப் பட்டுப்பொடவக்காரி யாருடா? அவள எறக்கிட்டு எம் படத்த மாட்டு” என்று சொல்லு. மெதுவாகச் சொல்லாதே. உனக்குத்தான் கத்தத் தெரியுமே.