அரசாங்க மேடம்

பிப். 10, செவ்வாய்
காலையில் பனி. ஏரியே தெரியவில்லை. பழவேற்காட்டில் கம்பெனி எடுத்துத் தந்த வீடு, இரண்டு படுக்கையறை, ஒரே ஆள். வாங்க வேண்டியவை: கொசுவத்தி, பால், பூட்டு. பேச ஒரு ஆள் கிடைத்தால் அதுவும்.

தூதரக வேலையை விட்டு நான்கு மாதம். இப்போது கம்பெனியின் மக்கள் தொடர்புத் தலைவர். "அதே வேலைதானே மேடம், சம்பளம்தான் வேற" என்கிறார் எம்.டி. மண்ணாங்கட்டி. அங்கே நான் பேசினால் பின்னால் ஒரு நாடு நின்றது. இங்கே ஒரு ரிசார்ட்.

ரிசார்ட்டுக்காக ஏரிக்குள் படகுத்துறை கட்ட, கரையில் தோணிரேவு என்ற மீனவ ஊர்க்காரர்கள் சம்மதிக்க வேண்டும். கம்பெனி ஆட்களோடு அவர்கள் உட்காருவதே இல்லையாம். அந்த ஊர் ஏழுமலைக்குப் போன் செய்தேன். வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குப் போய், எல்லை தாண்டியதாகச் சிறையில் கிடந்தவர். வாராவாரம் போய்ப் பார்த்து, கடைசியில் விமானம் ஏற்றிவிட்டது நான்.

"மேடம், நீங்களா? எங்க ஊர் பக்கமா? ஊரைக் கூட்டறேன். நீங்க வந்தா போதும்."

குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். போனை வைத்ததும் அழுதேன். இந்த வயதில்.

பிப். 11, புதன்
வேலை இல்லை. மதியம் தயிர்சாதம், நின்றபடியே. பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. என்னை இன்னும் நீக்கவில்லை. மறந்திருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் போனில்: "சாப்ட்டியா இல்லியானு மட்டும் சொல்லு. வேற இன்னா கேட்டேன் உன்ன?" பஸ் ஏற வேண்டியதில்லை. இருந்தாலும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப். 12, வியாழன்
கூட்டம். கோயில் பந்தலில் ஊரே இருந்தது. ஏரியில் ஒரு படகு இல்லை. ஏன் என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"அரசாங்கம் வந்தா அன்னிக்கு வலை போட மாட்டோம் மேடம். ஊர்க்கட்டு."

இங்கே முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். பாடு என்று பெயர். இன்று யார் முறை?

"என்துதான். போவட்டும். அடுத்த சுத்துல வரும்."

அப்போதுதான் உறைத்தது. நான் இன்னும் அரசாங்கம் என்றே நினைத்திருக்கிறார். போனில் நானும் சொல்லவில்லை. கம்பெனி போட்டோகிராபர் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஊர்த் தலைவர் எழுந்தார். "ஏரிக்குள்ள இன்னாமோ கட்டப் போறாங்களாம். நீங்கதான்மா டில்லில சொல்லி நிறுத்தணும்."

ஆவன செய்கிறேன். இத்தனை வருடம் சொன்ன வாக்கியம், நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நான் இப்போ அரசாங்கத்துல இல்ல. அதைக் கட்டப் போற கம்பெனியிலதான் இருக்கேன்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக லுங்கியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். ஏழுமலையின் மகள் மட்டும், "வா நைனா, வூட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

பிப். 13, வெள்ளி
வெயில். எம்.டி.க்கு ஒரே சந்தோஷம். "ஊரே உட்கார்ந்திருக்கு மேடம், சூப்பர் படம். 'தோணிரேவு நம்மோடு'ன்னு போட்டுடலாம்."

முடியாது என்றேன்.

"அப்போ உங்களை எதுக்கு எடுத்தோம்?"

நியாயமான கேள்வி. படத்தில் ஏழுமலை சிரித்துக்கொண்டே எனக்காக நாற்காலியைத் துண்டால் துடைக்கிறார்.

படம் வெளியே வராது என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன். மூன்றாம் தடவை மகள் எடுத்தாள்.

"நைனா வூட்லதான் இருக்குது. போன்ல உங்க பேரு 'அரசாங்க மேடம்'னு வருது. இப்ப யாருனு சொல்லி குடுக்கட்டும்?"