சத்தம் வராத பேட்

2 டிசம்பர் 2006, சனி

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் அரை நாள். கன்டெய்னர் லாரிகள் ராயபுரம் பாலம்வரை நின்றிருந்தன, நடந்தே வந்தேன். செருப்பு வார் அறுந்தது.

அண்ணன் ஜெரோம் போய் எண்பது நாள். மஞ்சள் காமாலை. ‘எண்பது’ என்று எழுதியபோதும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பு வார் என்று எழுதியது போலவே இருந்தது.

மதியம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ‘பீரோ 3’ என்ற ஃபைல். ஜெ. ஹார்பருக்குக் கிளம்பும் முன், டிபன் பாக்ஸ் வரும்வரை பீரோ கதவில் தாளம் போடுவான். பத்து விரலாலும், மோதிரத்தோடு. ஜூலையில் ஒருநாள் மைக்கை வைத்துப் பிடித்தேன். அதை வைத்து ஒரு பாட்டு செய்வதாக இருந்தோம். நாற்பது விநாடி ஓடியதும் ஃபோன் மணி அடிக்கிறது, “யாருடி ஃபோன்ல?” என்று அம்மா குரல், அவ்வளவுதான். மிச்சத்தை நான்தான் அடித்துச் சேர்க்க வேண்டும்.

மவுஸில் ஒவ்வொரு அடியாக வைத்துப் பார்த்தேன். திரையில் எல்லா அடியும் ஒரே உயரக் கோடுகள். பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஜெ. சொன்னது சரி: “மவுஸ வச்சு தாளம் போடறது ஸ்பூன வச்சு மீன் புடிக்கற மாதிரி கீது. பேட் ஒண்ணு வாங்கு, விரல்ல தட்டலாம்.”

வாங்கிவிடலாம்.

4, திங்கள்

மழை இல்லை. காற்றில் உர வாசனை.

ஆபீஸில் பதினோரு பில் டைப் அடித்தேன். மாலை பிரவுசிங் சென்டர், ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரில் மாட்டி விரலால் தாளம் தட்டும் ரப்பர் பேட்களைப் பற்றி வெளிநாட்டுப் பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள், யாருக்கு எது சிறந்தது என்று. அவர்கள் வீட்டில் எல்லாம் தனி அறை இருக்கும்போல.

வேண்டியவை:
– பதினாறு பேட். எட்டு போதாது.
– பியானோ கட்டை வேண்டாம். மேசையில் இடமில்லை.
– யூ.எஸ்.பி.யிலேயே கரன்ட் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் போக மிச்சம் பிளக் ஒன்றுதான், அதில் மிக்ஸி.
– மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கினால் ஓங்க.
– சத்தம் வரக் கூடாது.

கடைசியை முதலில் எழுதியிருக்க வேண்டும். பாட்டு ஹெட்ஃபோனுக்குள் போய்விடும். ஆனால் ரப்பரில் விரல் விழும் சத்தம் அறைக்குள்தானே விழும். சாவு வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை பாட்டு இல்லை, டி.வி. இல்லை, ஸ்டார் இல்லை. டி.வி.மேல் அம்மா பெட்ஷீட் போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள். அந்த வீட்டில் மகள் தாளம் போடுகிறாள் என்று அம்மா அறியக் கூடாது. மற்ற நான்கில் எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

6, புதன்

லைப்ரரியில் எடுத்த நாவல், மூன்றாம் முறை புதுப்பித்தேன். 112ஆம் பக்கத்திலேயே நிற்கிறேன். வரிகள் கண்ணுக்குள் போகின்றன, அங்கேயே தங்கிவிடுகின்றன.

மாடி வீட்டில் ஸ்டார் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு ஃபிலோ அக்கா ஒரு கிண்ணம் கலகலா பலகாரத்தோடு வந்தாள். நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, எல்லாரும் கொண்டுவந்து தருவார்கள்.

“இன்னா ரீட்டா, காத்துல பறந்துடுவ போல கீற. துண்றியா இல்லியா?”

“சாப்பிடறேன்க்கா.”

“உங்கம்மா இன்னும் தரையிலயா? கட்டில்ல படுக்கச் சொல்லுடி. தர சில்லுனு கீது, மார்ச்சளி புடிச்சிக்கும்.”

அம்மா பாயிலிருந்து எழாமலே, “புள்ளய மண்ணுல வச்சுட்டு எனக்கு இன்னாடி கட்டிலு?” என்றாள். ஃபிலோ அக்கா கிண்ணத்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

அம்மா சர்ச்சுக்குப் போவதைத் தவிர மற்ற நேரமெல்லாம் தரையில்தான். சுவர் பக்கம் திரும்பி.

9, சனி

நல்ல வெயில். பர்மா பஜார்.

நான்கு கடையில் “அப்டீன்னா இன்னா?” என்று கேட்டார்கள். ஐந்தாவது கடை பாயிடம் இரண்டு இருந்தன, பழசு, ஆனால் டப்பாவோடு. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் பதினாறு ரப்பர் சதுரம். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். ஒன்றில் ரப்பர் கெட்டி, தொட்டாலே விளக்கு எரிகிறது, ஆனால் டக் டக். மற்றது மெத்தென்று இருந்தது.

பீச் ஸ்டேஷன் ரயில் சத்தத்தில் எது எவ்வளவு கேட்கிறது என்று தெரியவில்லை. பேட்டைக் கடைப் பலகையில் வைத்துத் தட்டிக்கொண்டே காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“இன்னாமா, பொருள் வாங்க வந்தியா, நாடி பாக்க வந்தியா?”

“சத்தம் வருதான்னு பாக்கறேன் பாய்.”

“அல்லாரும் சத்தம் நல்லா வருதானு கேட்டுகினு வருவாங்க. நீ ஒருத்திதான்மா வரலியானு கேக்குற!”

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அசைந்தது.

மெத்தென்றதை எடுத்தேன். பாய் கெட்டியானதைக் காட்டி, “இத்த எடுத்துகினு போ, இதான் வேல செய்யும்” என்றார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. “செரி. ஒரு வாரத்துக்குள்ள டப்பா கிழியாம கொண்ணாந்தா மாத்தித் தரேன், போ.”

அம்மா: “இன்னாது அது?”
நான்: “கம்ப்யூட்டருக்கு.”
பொய் இல்லை.

10, ஞாயிறு

இரண்டாம் பூசை. பிரசங்கத்தில் ஒரு சொல்லும் நினைவில்லை. வஞ்சிரம் விலை ஏறிவிட்டது. ஃபிலோ அக்காவின் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாலை பேட்டை மாட்டினேன். ஜெ.யின் லுங்கியை நாலாக மடித்து மேசையில் விரித்து, அதன்மேல் பேட். ஹெட்ஃபோன். அம்மா பாயில், முதுகு என் பக்கம்.

மெல்லத் தட்டினால் எடுக்கவே இல்லை. கடையில் சத்தம் வருகிறதா என்பதைப் பார்த்தேனே தவிர, அந்தச் சின்னத் தட்டலுக்கு விளக்கு எரிகிறதா என்று பார்க்கவில்லை. காதைப் பலகைமேல் வைத்துக்கொண்டு விளக்கை எப்படிப் பார்ப்பது? ஓங்கித் தட்டினால்தான் வாங்குகிறது. ஓங்கினால் லுங்கியையும் மீறி மேசைக்கால் வழியே தும் தும் என்று இறங்குகிறது. இருமிக்கொண்டே தட்டினேன். பைத்தியக்காரத்தனம்.

அம்மா திரும்பவில்லை. தூங்குகிறாள்.

12, செவ்வாய்

தூறல். ஆபீஸில் ஏதோ தப்பான எண் அடித்துத் திட்டு வாங்கினேன்.

நேற்றும் இன்றும் அரை மணி நேரம், விளக்கு வைத்ததும். ஜெ.யின் தாளம் பார்க்கத்தான் கஷ்டம், புரிந்துவிட்டால் எளிது. ஓங்கி மூன்று, பிறகு நான்காவது விழும் முன் மோதிர விரலால் ஒரு லேசான தட்டு, பிறகுதான் நான்காவது. அந்த லேசான தட்டைத்தான் இந்த பேட் வாங்க மாட்டேன் என்கிறது. இருபது முறை அடித்தேன், திரையில் ஒன்றும் விழவில்லை. விட்டுவிட்டேன். அது இல்லாமலே அடிக்கிறேன். யாருக்குத் தெரியும்?

அடித்ததைப் போட்டுக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. சரியாக இருக்கிறது. யார் அடித்ததாகவும் இருக்கலாம்.

13, புதன்

எழுதிவிட வேண்டும், அப்படியே.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வெங்காயம். மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“நாலாவதுக்கு மின்னாடி சின்னதா ஒண்ணு வெப்பானே. அத்த ஏன் வுட்ட?”

எனக்குப் புரியவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

“எப்பம்மா கேட்டீங்க?”

“தரையில படுத்துகினு கீறேன். காது எங்க கீது, கூரையிலயா? ஞாயித்துக்கெயமலேர்ந்து கேக்குது.”

“நிறுத்திடறேன்மா.”

“நிறுத்துனு சொன்னேனா நானு?” ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். “அடிக்கறதுனா அவன் அடிக்கறா மாதிரி அடி. அது இல்லாம எனக்கு வேற எவனோ வூட்டுக்குள்ள வந்து தட்டறா மாதிரி கீது.”

பிறகு குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். போதவில்லை.

அழுகை வரவில்லை. வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் மட்டும்.

16, சனி

வெயில். அரை நாள். நேராக பஜார்.

பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழியவில்லை.

“நான் அன்னிக்கே சொல்லல? மெத்துனு கீற பேட்டு தலகாணிக்குதான் ஆவும்.”

“அந்தக் கெட்டியானது இருக்கா?”

“கீது. ஆனா அது சத்தம் போடுமேம்மா. பரவால்லியா?”

“பரவாயில்லை.”

ராயபுரத்தில் இப்போது தெருவெல்லாம் ஸ்டார். எங்கள் வாசல் மட்டும் இருட்டு. ஃபிலோ அக்கா வீட்டுக் கிண்ணம் இன்னும் எங்களிடம்.

லுங்கியைப் பீரோவில் வைத்தேன். வெறும் மேசையில் பேட். ஹெட்ஃபோன் மாட்டும் முன் மோதிர விரலால் ஒருமுறை லேசாகத் தொட்டேன். டக். விளக்கு எரிந்தது. திரையில் சின்னதாக ஒரு கோடு, மற்ற கோடுகளில் பாதி உயரம்.

மூன்று. லேசான ஒன்று. நான்கு.

அம்மா பாயில் புரண்டாள். நிறுத்தினேன்.

“இன்னா, அவ்ளோதானா?” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். தலையணையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெறும் தரையில் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.