அவசர அழைப்புகள் மட்டும்

கண்டக்டரே,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போகும் இறக்கம் தொடங்குகிற இடத்தில் நின்றிருந்தேன். கேபிள் இழுக்க வந்தவர் ஒருவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “டவர் இல்லீங்க” என்று சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த போனைக் கொஞ்சம் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். திரையின் மேலே, கோடுகள் இருக்க வேண்டிய மூலையில், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அந்த வரி இருந்தது: அவசர அழைப்புகள் மட்டும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று நினைத்திருப்பார். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவர் நீங்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் எத்தனை வருஷம் ஓடினோம். சேலத்தில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு, அங்கிருந்து மாரமங்கலம். ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்குள் இருக்கிற எல்லா போனும் வாயை மூடிக்கொள்ளும். பிறகு ஏதோ ஒரு வளைவில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து போன்கள் கிணுகிணுக்கும். எல்லாரும் அவரவர் போனைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒருவர்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பீர்கள். இது எந்த வளைவு, வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, எதிரே சில்வர் ஓக் மரம் மறைக்கிறதா, பள்ளம் திறந்து கிடக்கிறதா. அதையெல்லாம் டிக்கெட் மெஷின் காகிதத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்வீர்கள். யார் போன் அடித்தது, எந்தக் கம்பெனி சிம் என்று ஆள் ஆளாகக் கேட்பீர்கள். கம்பெனிக்காரன் இவருக்குத் தனியாகச் சம்பளம் தருகிறான் என்று பின் சீட்டில் ஒரு பேச்சு ஓடியது. இந்த மனுஷன் டிக்கெட் கிழிக்க வந்தாரா, மலையை அளக்க வந்தாரா என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு மழை நாள் மத்தியானம் நினைவிருக்கிறதா? வண்டி நிறைய ஆட்கள். நீங்கள் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, ரோட்டில் பத்தடி முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தீர்கள். கையில் போன், தலையில் ஒரு பயணியிடம் கடன் வாங்கிய குடை. நேரக் காப்பாளருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கத்தினேன். நீங்கள் படியில் ஏறிக்கொண்டே, “டவரு வளைவுல எறங்கிப் போயிருச்சு, கூப்பிட்டுக்கிட்டு வந்தோம்னு சொல்லுங்க டிரைவரே” என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. அடுத்த வளைவு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, அப்புறம் நானும் சிரித்தேன்.

நம் மலைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. போன் பேச வேண்டுமென்றால் மேலே ஏறு. ஏதாவது ஒன்று என்றால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடுவார்கள். சேர்வராயன் கோயில் உச்சிக்கே போய்விட வேண்டும் என்பதுபோல ஓடுவார்கள். நீங்கள்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒசரம் இல்லீங்க, அது எதுக்க தெரியோணும். டவரு இருக்கற பக்கம் மொகத்தக் காட்டிக்கிட்டு நின்னா கீழ நின்னாலும் கெடைக்கும்” என்று சொன்னீர்கள். மேட்டில் ஒன்றும் கிடைக்காதபோது, அதற்குக் கீழே இரண்டாவது வளைவில் நின்று, மகளிடம் பேசிக் காட்டினீர்கள். எனக்கு அப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பொடி எழுத்து வரி உங்கள் கண்ணில் பட்டது அதற்கப்புறம்தான். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே சில இடங்களில் கோடு போய்விடும், ஆனால் அந்த வரி வரும். வேறு சில இடங்களில் அதுவும் வராது. எல்லாருக்கும் இரண்டும் ஒன்றுதான்: டவர் இல்லை. உங்களுக்கு மட்டும் அது இரண்டாகத் தெரிந்தது. நம் வண்டியில் வருகிற பள்ளிக்கூடத்து டீச்சரிடம் படித்துக் காட்டச் சொன்னீர்கள். அவசரத்துக்கு மட்டும் பேசலாம் என்று அவர் அர்த்தம் சொன்னார். உடனே நீங்கள், “அவசரம்னு போனுக்கு எப்பிடிங்க தெரியும்?” என்று கேட்டீர்கள். டீச்சர் போன் கடையில் கேட்கச் சொன்னார். சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து போன் கடைக்காரர், அதையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். நீங்கள் விடுகிற ஆளா? யார் யாரையோ கேட்டு, நம்முடைய கம்பெனி டவர் கிடைக்காவிட்டாலும் அந்த இடத்தில் வேறு கம்பெனியின் டவர் இருக்கிறது, அவசர எண்ணுக்கு மட்டும் அது வழிவிடும் என்று தெரிந்துகொண்டு வந்தீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வண்டி நிற்கையில் ஒரு நாள் தனியாகப் போய் அடித்துப் பார்த்தீர்கள். உங்கள் போனில் 108 போகவில்லை. 112 போனது. ஒரு பெண் குரல் எடுத்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டதும் பயந்து, தெரியாமல் அடித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டீர்கள். நான் கேலி செய்தேன். இன்னொரு தரம் அடித்து உறுதி செய்துகொள்ள வேண்டியதுதானே என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“வேண்டாமுங்க டிரைவரே. நாம வெளையாடிக்கிட்டிருக்கற நேரத்துல நெசமா ஒருத்தரு கூப்புட்டுக்கிட்டிருப்பாரு.”

தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசைப்பட்ட மனுஷன், அதற்கு மேல் அந்த எண்ணைத் தொடவில்லை. உங்களைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த வருஷம் நம்மைக் கொஞ்ச நாள் கொட்டச்சேடு டிரிப்புக்கு மாற்றினார்கள். மிளகு பறிக்கிற காலம். ஒரு எஸ்டேட் வாசலில் நாலைந்து பேர் வண்டியை மறித்தார்கள். மிளகு பறித்துக்கொண்டிருந்த ஆள் ஏணியோடு சாய்ந்து விழுந்துவிட்டார், காலை அசைக்க முடியவில்லை என்றார்கள். பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று ஒருவர் சொன்னார். முதுகில் அடி என்றால் அசைக்கக் கூடாது என்று நீங்கள் தடுத்தீர்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் டவர் தேடி மேட்டுக்கு ஓடியிருந்தார். நீங்கள் போனை எடுத்துப் பார்த்தீர்கள். அந்த வரி இருந்தது. கூட்டத்தில் ஒருவர், “அதுல பேச முடியாதுங்க” என்றார். நீங்கள் 112 அடித்தீர்கள்.

எடுத்தார்கள். ஆனால் எந்த இடம் என்று கேட்டபோதுதான் அடுத்த சங்கடம். எஸ்டேட் பெயர் சொன்னால் அவர்களுக்குத் தெரியவில்லை. நம் ஆட்கள் பழைய முதலாளி பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். அது நமக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து, வண்டியை எஸ்டேட் பாதை முனையில் குறுக்கே நிறுத்தச் சொன்னீர்கள். பிறகு போனில், ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு ரோட்டில் வந்தால் ஒரு பஸ் குறுக்கே நிற்கும், அங்கே திரும்ப வேண்டும் என்றீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு பஸ்ஸையே அடையாளமாகச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை வண்டியை நகர்த்தவில்லை. பயணிகளில் ஒருவரும் நேரமாகிறது என்று வாய் திறக்கவில்லை.

அந்த ஆள் பிழைத்தார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார், ஏணி ஏறுவதில்லை, காப்பி காய வைக்கிற களத்தில் வேலை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஏனுங்க, கண்டக்டரு சவுக்கியங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை.

மலையில் எல்லா வளைவுக்கும் கணக்கு வைத்திருந்தீர்கள். உங்கள் வீடு மட்டும் பள்ளத்தில் இருந்தது. மாரமங்கலத்துக்குக் கீழே, ஒன்பது வீடு. மேலே பாதை முனையில் ஒரு பாறையில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தீர்கள். அதுவரைக்கும்தான் அந்த வரி வரும். இறங்கத் தொடங்கினால் அதுவும் போய்விடும். “ஊருக்கெல்லாம் டவரு தேடிக் குடுத்தவன் ஊட்டுல ஒண்ணும் வராதுங்க” என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று உங்களுக்கு லீவு நாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறீர்கள். உங்கள் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எங்கே போனால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சுண்ணாம்புப் பாறை வரைக்கும் ஏறி ஓடினாள். பேசினாள். இடத்தைச் சரியாகச் சொன்னாள். ஆம்புலன்சும் கிளம்பியது. அவள் மூச்சிரைக்கத் திரும்பி இறங்கி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காரியத்தன்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “தனியா உட்டுட்டுப் போயிட்டனுங்கண்ணா.”

அதற்குப் பிறகுதான் நான் கேள்வி கேட்கிற ஆளானேன். ஊராட்சி அலுவலகத்துக்கு இன்டர்நெட்டுக்கான கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. அதோடு நின்றது. பள்ளத்துக்கு ஏன் வராது என்று கேட்டேன். ஒன்பது வீட்டுக்கு யார் இழுப்பார்கள் என்றார்கள். கிராம சபையில் எழுந்து நின்று, தங்கச்சி எடுத்துக் கொடுத்த உங்கள் டிக்கெட் காகிதங்களைப் படித்தேன். இந்த வளைவில் கிடைக்கும், இந்த வளைவில் அவசரத்துக்கு மட்டும். கடைசிக் காகிதத்தில் ‘நம்ம ஊடு’ என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு எதிரே வெறுமையாக இருந்தது. ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார். எழுத ஒன்றும் இல்லை, அதனால்தான் எழுதவில்லை என்றேன். அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் பிறகும் நடையாய் நடந்தேன். மனு மேல் மனு கொடுத்தேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்வதற்கு இவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

நேற்றுத்தான் கேபிள் பள்ளத்துக்கு இறங்கியது. கேபிள்காரர் உங்கள் வீட்டுச் சுவரில் பெட்டியை மாட்டி, இனி இதன் வழியாக வீட்டுக்குள்ளிருந்தே போன் பேசலாம் என்றார். நான் அவரை விடவில்லை. மழையில் கரண்ட் போனால் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டேன். அணைந்துவிடும் என்றார். நம் மலையில் மழை என்றால் கரண்ட் போகும், அவசரமும் அப்போதுதான் வரும். அப்படியானால் பேட்டரி வேண்டுமே, எவ்வளவு நேரம் தாங்கும், மரம் விழுந்து கேபிள் அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த போனில் கூப்பிடுவது? அவர் களைத்துப் போய், “நொம்பக் கேக்கறீங்க ஐயா” என்றார். பேட்டரிக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவரை அனுப்பினேன். சுண்ணாம்பும் வாங்கி வைத்திருக்கிறேன். கேபிள் வந்தாலும் பாறை பாறையாகவே இருக்கட்டும்.

இன்று காலை என் போன் அடித்தது. தங்கச்சி.

“அண்ணா, ஊட்டுக்குள்ள இருந்துதானுங்க பேசறேன்” என்றாள். நான் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “அவரு படுத்திருந்த கட்டல்லயே ஒக்காந்துக்கிட்டுப் பேசறனுங்க. எந்திரிக்கவே வேண்டியதில்ல.” வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

அன்று இது இருந்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? டாக்டரைக் கேட்டால் சொல்வார். நீங்களாக இருந்தால் மறுநாளே போய்க் கேட்டிருப்பீர்கள். கேபிள்காரரைக் கேட்டேன், அதிகாரியைக் கேட்டேன், கேட்காத ஆள் பாக்கியில்லை. இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காமல் சுமந்துகொண்டு திரிகிறேன். பிழைத்திருப்பீர்களோ இல்லையோ, தங்கச்சி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே பேசியிருப்பாள்.