வெயில் கேட்ட கிழங்கு

14 ஜூன் 2015, ஞாயிறு

ஐரிஸ் புதரை இன்று பிரித்தாயிற்று. கை முழுக்கக் கொப்புளம்.

முன்பக்க வேலியோரம் அது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மேடு தட்டிக் கிடந்தது. இந்த வருடம் பூவே சரியாக இல்லை. அகிலா ஆன்ட்டி மகளின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பும்போது அம்மாவிடம், "மாரியம்மா, நான் வாரதுக்குள்ள அதைப் பிரிச்சு வரிசையா நட்டுப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குன்னூரில் அவருடைய அக்கா வீட்டிலிருந்து வந்த செடி. நீலப்பூ காலையில் விரிந்தால் மாலையில் சுருண்டுவிடும். அன்றைக்கு ஆன்ட்டி யாரையும் திட்ட மாட்டார்.

அம்மாவுக்கு மூட்டுக் காய்ச்சல், குந்த முடியவில்லை. நான்தான் கடப்பாறை போட்டேன். கிழங்கு இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக வந்தது. துண்டு துண்டாக வெட்டிவிட்டு, எப்படி நடுவது என்று கேட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "கரும்புக் கரணை எப்பிடி நடுவோம்? பள்ளம் இழுத்து, படுக்க வச்சி, மண்ணத் தள்ளி மிதிச்சி வுடு. தண்ணிய நல்லாக் கட்டு."

அம்மா சின்ன வயதிலிருந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு நட்டவள். சொன்னபடியே செய்தேன். இலை மட்டும் வெளியே தெரிகிறது.

17 ஜூன்

இதைப் போர்வைக்குள் எழுதுகிறேன். அப்பா அம்மாவிடம் மெதுவாகப் பேசியது கேட்டுவிட்டது.

நாங்கள் ஆன்ட்டியின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் இருக்கிறோம். அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. வாடகை கிடையாது, அதற்குப் பதிலாக அம்மா வீட்டு வேலையும் தோட்டமும் பார்க்கிறாள். இப்போது வேறு ஒரு குடும்பம் ஷெட்டைக் கேட்கிறதாம். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. ஆன்ட்டியின் வீட்டுக்காரர் ராஜ்மோகன் சார் அப்பாவிடம், "அகிலா வந்ததும் பார்ப்போம்ப்பா, தோட்டமெல்லாம் ஒரு மாதிரி கிடக்கு" என்றாராம்.

போகச் சொன்னால் சித்தி ஊருக்குத்தான் போக வேண்டும். நான் இப்போது பத்தாவது. அங்கே போனால் படிக்க விடுவார்களா, இல்லை சித்தி பெண்ணை மாதிரி கரும்பு வெட்ட அனுப்பிவிடுவார்களா? கேட்கவே பயமாக இருக்கிறது.

24 ஜூன்

காலையும் மாலையும் ஓஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். ஒரு இலை மஞ்சள்.

28 ஜூன், ஞாயிறு

ஒரு இலை இல்லை. நிறைய.

ஆன்ட்டி போன் செய்தார். அம்மா, "பச்சுனு இருக்குதுங்க, கவலப்படாதீங்க" என்றாள். அம்மா ஷெட்டை விட்டு வெளியே வந்தே பத்து நாளாகிறது. நான் மஞ்சள் இலைகளை எல்லாம் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?

1 ஜூலை

ஒன்றைப் பிடித்து இழுத்தேன். இலை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் கூழ், கெட்ட முட்டை நாற்றம். ஐயோ, அத்தனையும் இப்படித்தான் இருக்குமா? அம்மாகிட்ட எப்பிடி சொல்றது — ஆன்ட்டி பதினெட்டாம் தேதி வர்றாங்களாம்.

4 ஜூலை, சனி

பார்த்துவிட்டேன். நன்றாகப் பார்த்துவிட்டேன்.

புதரைப் பிரித்த அன்றைக்கு, ரொம்பச் சின்னது என்று ஒரு துண்டைக் குழாயடிச் செங்கல் மேல் வீசியிருந்தேன். யாரும் நடவில்லை, யாரும் மிதிக்கவில்லை. இன்று தண்ணீர் பிடிக்கப் போனபோது அதிலிருந்து புதிதாக ஓர் இலை, கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வேர் செங்கல் இடுக்கில் இறங்கியிருக்கிறது. கிழங்கின் முதுகு வெயிலில் காய்ந்துகொண்டு கெட்டியாக இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி.

அப்படியானால் இது கரும்பு இல்லை! இதற்கு மேலே வெயில் வேண்டும். நாங்கள்தான் உயிரோடு புதைத்திருக்கிறோம்.

5 ஜூலை, ஞாயிறு

விடிந்ததும் எல்லாவற்றையும் தோண்ட ஆரம்பித்தேன். பின்னால் அம்மா குரல். சுவரைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"என்னாடி பண்ணிகினு இருக்க? நட்டத புடுங்குறியே, பேய் கீய் புடிச்சிச்சா?"

அழுதுவிட்டேன். எல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா ஒரு கிழங்கை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"நான் சொல்லித்தான நட்ட? நீ ஏண்டி தனியாக் கெடந்து பயந்துகினு இருந்த? போ, கத்தியும் அந்த முக்காலியும் எடுத்தா."

முக்காலியில் உட்கார்ந்து அழுகலை எல்லாம் செதுக்கிக் கொடுத்தாள். பாதிக்கு மேல் வீண். மிச்சத்தை நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். நாளைக்கு ஆழமில்லாமல் நட வேண்டும், முதுகு தெரிய.

இன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

12 ஜூலை

தண்ணீர் விடவில்லை. கை பரபரக்கிறது. விடவில்லை.

16 ஜூலை

மூன்று கிழங்கில் முளை! அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தீங்க? நான் வேற, உங்கம்மாக்கு என்மேலதான் கோவம்னு நெனச்சேன்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அதுவும்தான்" என்றாள்.

18 ஜூலை, சனி

ஆன்ட்டி வந்துவிட்டார். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேராக வேலிக்குத்தான் போனார். வரிசையில் எங்கே பார்த்தாலும் இடைவெளி.

"நான்தான் ஆன்ட்டி, ஆழமா நட்டு அழுக வுட்டுட்டேன்" என்றேன்.

அம்மா குறுக்கே வந்தாள்: "அது இல்லீங்க. கரும்பாட்டம் நடுனு நான்தான் சொன்னேன்."

"கரும்பாட்டமா?" ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங் மாரியம்மா, ஆலைக்கு லாரி சொல்லீட்டீங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "மேலாப்புல நடோணும்னு சொல்லாமப் போனது என் தப்பு. மொத வருசம் நானும் பாதிய அழுக வுட்டவதான். எங்கக்காகிட்ட இன்னும் சொல்லல."

சார் வாசலில் நின்று, ஷெட் கேட்ட குடும்பத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆன்ட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவிங்களுக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க. காய்ச்ச வந்தா ஆளத் தொரத்தறதுங்களா?"

அப்புறம் என்னிடம்: "இது மூணு வருசத்துல மறுக்கா நெருங்கிப் போயிரும் கண்ணு. அப்ப நீ காலேஜுல இருப்ப. லீவுக்கு வர்றப்ப பிரிச்சுக் குடுத்துட்டுப் போ."

சரி என்று தலையை ஆட்டினேன்.

26 ஜூலை, ஞாயிறு

அப்பா ஷெட் கூரைக்குப் புது ஷீட் வாங்கி வந்தார். மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டுமாம். அவர் மேலே ஆணி அடிக்க, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.