பத்து முடிச்சுக் கடல்

மாஸ்டர்,

மழை பிடித்து மூன்று நாளாகிறது. பரண் ஒழுகுகிறதே என்று அதிலிருந்த பனியன் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று உப்பு வாடை. திருப்பூரிலிருந்து கடல் ஒரு நாள் பஸ் தூரம். இந்த அட்டைப் பெட்டிக்குள் மட்டும் அது போகாமல் இருக்கிறது. உள்ளே உங்கள் தூண்டில் கயிறு, ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று கிடந்தது. காயட்டும் என்று அறைக்குள் கட்டிவிட்டேன். அப்போது ஆரம்பித்த குழப்பம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். வேறு யாரிடம் கேட்பது?

ஒரே பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் நிட்டிங் மெஷினில். கம்பெனியே உங்களை மாஸ்டர் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் என்னை ‘மெஷின்காரரே’ என்பீர்கள். ஆவணித் திருவிழாவுக்கு நம் திருப்பூர் ராயபுரத்திலிருந்து கூட்டமாகத் திருச்செந்தூர் போவோம். தரிசனம் முடித்து மற்றவர்கள் சத்திரத்தில் கட்டையைச் சாய்ப்பார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் கடலோரமாகத் தெற்கே நடந்து, மீனவர் சவரிமுத்துவின் வள்ளத்தை மறுநாள் காலைக்கு வாடகை பேசிவிட்டு வருவோம். “சாமி கும்பிடப் போறீங்களா, மீன் புடிக்கப் போறீங்களா?” என்று உங்கள் வீட்டம்மா வருஷம் தவறாமல் கேட்பார். பிடித்த மீனில் ஒரு துண்டு நீங்கள் தின்று நான் பார்த்ததில்லை. எல்லாம் சவரிமுத்துவின் வீட்டுக்குப் போகும், அங்கே குழம்பாகி எனக்கு வரும்.

அந்தக் கயிறு நீங்களே முறுக்கியது. கம்பெனியில் கோன்களில் மிச்சம் கிடக்கும் நூலை வாங்கிவந்து, உங்கள் சந்தில் ஆணி அடித்து, புரி புரியாகச் சேர்த்து முறுக்கினீர்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். அப்படி உங்கள் கையாலேயே அளந்து, பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் முடிச்சு போட்டீர்கள். சவரிமுத்து முதல் வருஷமே எச்சரித்தார். “அண்ணாச்சி, இதப் பனச்சிக்காய்ச் சாறுல முக்கித் தாரேன். இல்லேன்னா உப்புத்தண்ணிக்கு நிக்காது.” அவர்கள் வலையெல்லாம் அந்தச் சாற்றில் ஊறிக் கறுத்துப்போய் இருக்கும். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். “அட வேண்டாமுங்க. வெள்ளையா இருந்தாத்தானுங்க நம்மூருச் சரக்கு!” கயிற்றைக்கூடப் பனியன் மாதிரி பார்த்தவர் நீங்கள்.

நாம் போகும் இடம் ஒரே இடம்தான். கரையில் நின்ற இரட்டைப் பனை, மாதா கோயில் சிலுவைக்கு நேராக வர வேண்டும். வடக்கே முருகன் கோபுரம் மணல் மேட்டை ஒட்டித் தெரிய வேண்டும். இரண்டும் கூடினால் கீழே பார், அதாவது கடலடிப் பாறை. அங்கே விளமீன் கிடக்கும். முதல் வருஷம் ஈயக்குண்டு தரை தட்டியபோது பத்தாவது முடிச்சு தண்ணீர் மட்டத்தில் நின்றது. “பத்து!” என்று கத்தினீர்கள், கடலுக்கே அளவெடுத்துவிட்ட மாதிரி.

இரண்டு வருஷம் கழித்துப் பத்தரை. அப்புறம் பதினொன்று. கடைசியாக நாம் போன வருஷம் பதினொன்றரை. “ஏனுங்க மெஷின்காரரே, கடலடி வருசா வருசம் கீழ எறங்கிட்டே போகுதுங்க. இது நல்லதுக்கில்லீங்க” என்று நிஜமாகவே கவலைப்பட்டீர்கள். மீனும் குறைந்துகொண்டுதான் வந்தது. சவரிமுத்து தலைகீழாகச் சொன்னார். “எறங்கலை அண்ணாச்சி, பாரை மண்ணு மூடிட்டு வருது. நங்கூரக் கல்லப் பாருங்க, மண்ணால்லா ஒட்டி வருது.” நீங்கள் கயிற்றைக் காட்டினீர்கள், அவர் கல்லைக் காட்டினார். வள்ளத்தை இன்னும் உள்ளே தள்ளச் சொன்னீர்கள், அவர் மாட்டேன் என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணி நேரத்தில் ஒரு மீன் கடிக்கவில்லை.

அப்போதுதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. “துணி அளக்கறவரு துணியோட நிக்கோணுமுங்க மாஸ்டர். கடல அளக்கறது உங்களுக்கு வராதுங்க.” சவரிமுத்து சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நீங்கள் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தீர்கள். ஊர் வந்து சேரும்வரை, “டிக்கெட் வாங்கியாச்சுங்களா?” என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லை.

அடுத்த ஆவணிக்குக் கூப்பிட வந்தேன். கம்பெனியில் வேலை நெருக்கடி என்றீர்கள். நானும் அதே கம்பெனிதானே மாஸ்டர், எனக்குத் தெரியாத நெருக்கடி ஏது? நானும் போகவில்லை. இருக்கட்டும், தானாகத் தணிவார் என்று விட்டுவிட்டேன். தை பிறந்து பத்து நாளில் நெஞ்சுவலி என்றார்கள். நான் வந்து சேர்வதற்குள் உங்களைக் கிடத்தியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து உங்கள் வீட்டம்மா இந்தப் பெட்டியைக் கொடுத்தார். “போன ஆவணியில இருந்தே இதைய நீட்டி நீட்டி அளந்துட்டு இருந்தாருங்க. என்னத்துக்குன்னு கேட்டா சும்மா இருன்னாருங்க. ஊட்டுல வெச்சு நான் என்ன பண்றதுங்க? நீங்களே கொண்டு போயிருங்க.” அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆசையாகச் செய்த கயிறு, எடுத்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

இந்த ஆவணிக்கு நான் மட்டும் போனேன். நீங்கள் சொன்னதா, சவரிமுத்து சொன்னதா, எது சரி என்று பார்த்துவிடலாம் என்றுதான் கயிற்றையும் கொண்டுபோனேன். கரையில் இரட்டைப் பனை இல்லை. பனை நின்ற மண்ணே இல்லை. அலை வந்து மாதா கோயில் மதிலை நக்கிக்கொண்டிருந்தது. மணல் மேடும் கரைந்துவிட்டது. “ரெண்டு மழைக்காலத்துல கடலு தின்னுட்டு அண்ணாச்சி” என்றார் சவரிமுத்து. கடலில் மோட்டார் படகுகள் தடதடவென்று குறுக்கே போயின. கை பழகிய நிதானத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார். குண்டு பதின்மூன்று முடிச்சில் தரை தட்டியது. “இது நம்ம பார்தானா?” என்று கேட்டேன். அவர் கரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தெரியலையே அண்ணாச்சி” என்றார். அந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர், அன்று என்னைப் போலவே விழித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் காயக் கட்டிய கயிற்றில் சும்மா விளையாட்டாகக் கையை விரித்துப் பார்த்தேன். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு என் கைக்குச் சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. நீங்கள் என்னைவிட ஒரு தலை உயரம். உங்கள் பாகம் எப்படி என் பாகமாகும்?

சுருங்கியிருக்கிறது, மாஸ்டர். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, வருஷா வருஷம் சுருங்கியிருக்கிறது. துணி தண்ணீர் பட்டால் சுருங்கும் என்று ஒவ்வொரு பனியனுக்கும் இரண்டு விரல் கூட விட்டு வெட்டிய கை உங்களுடையது. இந்தக் கயிற்றுக்கு மட்டும் அதை மறந்துவிட்டீர்கள். நானும்தான் மறந்தேன். இந்த ஊரே இதில்தான் சோறு தின்கிறது, நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்படியென்றால் பதினொன்றரை என்பது பழைய பத்துதானா? கடல் இறங்கவே இல்லையா? சவரிமுத்துவின் கல்லில் ஒட்டிய மண் பிறகு எங்கிருந்து வந்தது? இறங்காத கடல் இரண்டு பனையை எப்படி விழுங்கியது? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. அதைக்கூட விட்டுவிடுவேன். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து நீட்டி நீட்டி அளந்தீர்களே, அன்றே கண்டுபிடித்துவிட்டீர்களா? என் மேல் கோபத்தில் வராமல் இருந்தீர்களா, இல்லை, என்னிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு வராமல் இருந்தீர்களா? கோபம் என்றால் நான் காலில் விழுந்திருப்பேன். வெட்கம் என்றால் அதற்குக் காரணமும் என் சிரிப்புதான். இரண்டில் எது என்று தெரியாமல் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது? இரண்டுக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

முடிச்சுகளைப் பிரித்துச் சரியாகப் போடலாமா என்று உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. கயிறு இன்னும் அறையின் குறுக்கே தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் கையை விரித்துப் பார்க்கிறேன். உங்கள் கையால் அளந்தது, மாஸ்டர், என் கைக்கு அச்சாகப் பொருந்துகிறது.