பட்ட ஓலையின் பின்புறம்

மழை தவறாது பெய்க. கழிமுகம் மணல் மூடாது திறந்திருக்க. கற்பவர் வாழ்க, கற்பிப்பவர் வாழ்க.

கடலை வேலியாக உடைய கழிமுக நாட்டை அறவழி நின்று காக்கும் கோச்செழுவேள் மன்னரின் திருவாணை தாங்கி, அவருடைய திருமந்திர ஓலைநாயகன் மணற்குடி ஈசான நம்பி, வெண்குன்றத்துப் பெருங்கல்விச் சாலையின் தலைமை ஆசான் விடங்கனார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குன்றும், குன்றின் சுனையும், சுனைநீர் பருகிக் கற்கும் எண்ணூறு மாணாக்கரும் நலமாயிருக்க, இன்று காலையும் கரையேற்றீசர் திருமுன் விளக்கிட்டு வேண்டிக்கொண்டேன். இவ்வோலையை எழுத்தனிடம் சொல்லி எழுதுவிக்காமல் என் கையாலேயே எழுதுகிறேன். இதில் இருப்பது என் பிழை. அதைப் பிறர் எழுத்தாணிக்குக் கொடுக்க மனம் கூசியது.

பதினோராண்டுகளுக்கு முன், தங்கள் சாலையில் பயில வரும் எளியோர் பிள்ளைகளுக்கு அரச பண்டாரத்திலிருந்து கடன் கொடுப்பதென்றும், அதற்கு அவர்தம் பெற்றோரின் நிலத்தை ஈடாகக் கொள்வதென்றும் மன்னர் முடிவு செய்தபோது, கடனைக் குறித்து வைக்க ஒரு வழி சொல்லும்படி என்னைப் பணித்தார். ஏழாண்டுக் கல்வி முடித்தவருக்கு நாம் அளிக்கும் பட்ட ஓலையின் முன்புறத்தில் அவர் கற்ற நூல்களையும், அதே ஓலையின் பின்புறத்தில் அவர் பட்ட கடனையும் வைத்த ஈட்டையும் எழுதித் தருவது, கடன் தீர்ந்தபின் பின்புறம் வெறுமையான புது ஓலை வழங்குவது என்பது நான் சொன்ன வழி. முன்புறம் பெருமை, பின்புறம் பொறுப்பு என்று நான் விளக்கியபோது அவை மகிழ்ந்தது, தாங்களும் மகிழ்ந்தீர்கள். அன்று வீடு திரும்பி அந்தச் சொற்றொடரை என் மனைவியிடமும் சொல்லிக் காட்டினேன். அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சென்ற ஆவணியில், கரும்பாற்று நன்னீரைக் கடலோரத்துப் பன்னிரண்டு உப்பளத்தூர்களுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்க்கு நீர்க்கணக்கர் ஒருவர் வேண்டியிருந்தார். தங்கள் சாலையின் பட்ட ஓலையோடு இருவர் என் முன் வந்தனர். ஒருவன் துறைமுகத்து வணிகர் ஒருவரின் மகன். மற்றவள் கீழளத்து உப்பு விளைப்பவன் ஏறன் என்பானின் மகள் உய்யவந்தாள். இருவர் ஓலையையும் வாங்கிய நான், முதலில் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை; நாட்டில் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

வணிகன் மகனின் ஓலையில் பின்புறம் வெறுமையாக இருந்தது. நீர்க்கணக்கருக்கு உரிய கூலி நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அதையே அவனுக்குச் சொன்னோம். அவன் அது போதாதென்று வணங்கி விடைபெற்றுப் போனான். உய்யவந்தாளின் ஓலையிலோ கடனும், ஈடாக வைத்த மூன்று உப்புப் பாத்திகளும் எழுதியிருந்தன. ஈடு வைத்த வீட்டுப் பெண், கொடுப்பதை வாங்கிக்கொள்வாள், ஒரு குறுணி போதும் என்று கால்வாய் அதிகாரி என் செவியில் சொன்னார். பண்டாரத்துக்கு மிச்சம் என்று நானும் தலையசைத்தேன். அவள் தன் ஓலையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்றாள். நான் இலச்சினை வைத்தேன். அந்நாளில் எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தைத் திங்களில் கால்வாயைப் பார்வையிடச் சென்றேன். உச்சிப்பொழுதில் பல்லக்கை ஒரு பூவரசின் பின்னால் இறக்கியிருந்தனர். மரத்தின் அப்புறம் மண் வெட்டும் பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தனர். உய்யவந்தாளும் அவர்கள் நடுவே இருந்தாள். நான் இருப்பதை அவர்கள் அறியார். மூத்தவள் ஒருத்தி அவளைப் பார்த்துச் சொன்னதைச் சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஏழு வருசம் படிச்சுட்டு ஒனக்கும் குறுணி, எனக்கும் குறுணிதானா தாயி? அந்த ஓலைய வித்து ஒரு மம்பட்டி வாங்கியிருக்கலாம்ல."

"மம்பட்டிக்கும் ஈடு கேப்பாங்கக்கா" என்றாள் உய்யவந்தாள். எல்லாரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அந்த மூத்தவள் தன் கலயத்திலிருந்து இரண்டு கை கஞ்சியை அவள் கலயத்தில் ஊற்றினாள். அடுத்தவளும் ஊற்றினாள். நன்றி கேட்பதும் சொல்வதும் அங்கே இல்லை. அவள் தன் கூலி நெல் முழுவதையும் கடனுக்குக் கட்டிவிடுவதையும், ஐந்து திங்களாக அந்தப் பெண்களின் கஞ்சியால் உயிர் வாழ்வதையும் பின்பு விசாரித்து அறிந்தேன். அரச பண்டாரம் மிச்சம் பிடித்த இரண்டு குறுணியை மண் வெட்டும் பெண்கள் தம் கலயத்திலிருந்து ஈடுகட்டி வந்திருக்கிறார்கள், ஆசானே. அன்று பல்லக்கை விட்டு நடந்தே என் கூடாரத்துக்குத் திரும்பினேன்.

அவளுடைய திறத்தைப் பற்றியும் தாங்கள் அறிய வேண்டும். பழைய கரை எந்த இடத்தில் கசியும் என்பதைத் தண்ணீர் வருமுன்பே கணித்து, நூறு முழம் தள்ளிப் புதுக்கரை இடச் செய்தவள் அவளே. இன்று பன்னிரண்டு ஊரும் நன்னீர் குடிக்கின்றன. அவளை அழைத்து, தாங்கள் அளித்த பட்டம் அதற்குக் கொடுத்த விலைக்குத் தகுமா என்று கேட்டேன். கற்றது தகும் என்றும், ஆனால் விலை கொடுத்தவர் தன் தந்தையாதலால் அவரிடம் கேட்பதே முறை என்றும் அவள் பணிவோடு சொன்னாள்.

ஆகவே கீழளம் சென்றேன். ஏறன் வரப்பில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். மூன்று பாத்திகளில் ஒன்று சென்ற ஐப்பசியில் தவணை தவறியதற்காக ஏலத்தில் போய்விட்டது. எஞ்சிய இரண்டும் வரும் பங்குனிப் பௌர்ணமியில் கைப்பற்றப்படும் என்று என் அலுவலகத்திலிருந்தே ஓலை போயிருந்தது. அதைப் படிக்கத் தெரியாமல் அவன் கூரையில் செருகி வைத்திருந்தான். ஈடு எழுதிக் கொடுத்த நாளிலும் ஒருவரும் அவனுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை என்றான். எழுத்தறியாதவனின் கைரேகையைக் கல்வியின் பெயரால் வாங்கியிருக்கிறோம். நான் அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவன் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது:

"வெலை கூடவா கொறச்சலான்னு எனக்குத் தெரியாதுங்க சாமி. ஊருக்கு நல்ல தண்ணி வந்துருக்கு, எம்மவ கொண்டாந்தது. ஆனா பாத்தி போனதுலேருந்து அவ வீட்டுக்கு வந்தா என் மொகத்தப் பாக்குறதில்ல. தரையப் பாத்துத்தான் பேசுறா. அதையும் வெலையில சேக்கணும்னா, கூடத்தான்."

நாற்பதாண்டுகளாக ஓலை எழுதி வாழ்ந்தவன் நான். அந்தப் பெண்ணின் தலை கவிழ வேண்டியதில்லை. கவிழ வேண்டிய தலை என்னுடையது. கரையேற்றீசர் திருமுன்னும் அன்றுமுதல் நிமிர்ந்து நிற்க என்னால் இயலவில்லை.

தாங்கள் எழுப்பக்கூடிய ஐயங்களை நான் அறிவேன். ஈடில்லாமல் கடன் கொடுத்தால் பண்டாரம் வறண்டுபோம், சாலையின் கூரையை யார் வேய்வார், ஆசான்களுக்கு யார் அரிசி அளப்பார் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே, சாலைக்குச் செலவுண்டு, அதை யாராவது தாங்கத்தான் வேண்டும். எளியோர் பிள்ளைகளுக்குப் பட்டம் எதற்கு, அவரவர் தொழிலைச் செய்யட்டுமே என்று சொல்வாரும் அவையில் உளர். அவர்கள் பன்னிரண்டு ஊருக்கும் அவள் கொண்டுவந்த நீரைக் குடித்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். ஒருத்தி கற்ற கல்வியால் பன்னிரண்டு ஊர் பயன்கொள்ளும்போது, அதன் விலை முழுவதையும் மூன்று உப்புப் பாத்திகளின் மேல் ஏற்றியது எவ்வகை முறை என்று நானே என்னைக் கேட்டேன். விடை கிடைத்தபின் மன்னரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவரோ, தாமும் அந்த அவையில் மகிழ்ந்தவர்தாம் என்றார்.

ஆதலின் மன்னர் ஆணை இது. இவ்வோலை கண்ட நாள்முதல் எந்தப் பட்ட ஓலையின் பின்புறத்திலும் ஓரெழுத்தும் எழுதப்படலாகாது. இதுவரை எழுதப்பட்ட நானூற்றுப் பதினேழு ஓலைகளும் திரும்பப் பெறப்பட்டு, பின்புறம் வெறுமையான ஓலைகள் வழங்கப்படுக. ஈடாகக் கொண்ட நிலங்கள் விடுவிக்கப்படுக. எஞ்சிய கடன், கற்றவர் உண்டு உடுத்தியது போக மிஞ்சிய கூலியிலிருந்து மட்டுமே, அவர் இயன்ற அளவில் பெறப்படுக. பற்றாக்குறையைக் கால்வாய்களும் குளங்களும் தரும் புதுவரி தாங்கும். இனிமேல் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்குச் சாலை வாயிலில் முதலில் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்து, எழுதப்போவதை இருமுறை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகள் தீர்ந்தபின்னரே கைரேகை கேட்கப்படுக. இது சிறிய காரியம். ஆயினும் என் சட்டங்களைவிட இப்படிப்பட்ட சிறிய காரியங்களையே நான் இப்போது நம்புகிறேன்.

உய்யவந்தாளுக்கு ஆவணி முதல் குறைத்த கூலி முழுவதும் என் சொந்த விளைச்சலிலிருந்து அளக்கப்படும். ஏலத்தில் போன பாத்தியை வாங்கியவர் திருப்பித்தர மறுத்துவிட்டார். முறைப்படி நடந்த விற்பனையை மன்னராலும் மாற்ற இயலாது. அந்தக் குறை தீராது. அதற்கு மாற்று எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதவும் துணியேன்.

அவளுக்குரிய புது ஓலையைத் தூதர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். முதுமையைப் பொருட்படுத்தாமல் தாங்களே குன்றிறங்கி வாருங்கள். பங்குனிப் பௌர்ணமிக்கு முன் கீழளத்தில் நான் தங்களுக்காகக் காத்திருப்பேன். இருவரும் அவள் வீட்டுக்கு நடந்தே செல்வோம். ஏறன் உடனிருக்க ஓலையை அவளிடம் கொடுத்து, முன்புறத்தை அவனுக்குப் படித்துக் காட்டி, பின்புறத்தைத் திருப்பிக் காட்டுவோம். பிழை பொறுக்கும்படி கேட்பது என் பங்கு.

இவ்வோலை மன்னரின் சுறா இலச்சினையும் என் கையெழுத்தும் பெற்று, செங்களிமண் முத்திரையிட்டு, மாசித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள் விடுக்கப்பட்டது. இதில் கண்டபடியே நடத்துக. ஓலை கொடுத்தபின் அவள் தன் தந்தையின் முகத்தைப் பார்க்கிறாளா என்று நாம் நின்று பார்க்கலாகாது. உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும்.