கதவு இறுகிய காலை

மச்சான்,

இன்று காலை, விமானங்கள் திருத்தும் எங்கள் ஹங்கரின் பெரிய கதவைத் திறக்கப் பட்டனை அமுக்கினேன். பாதித் தூரம் ஓடி, முனகி, நின்றுவிட்டது. அந்த முனகலை முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். மோர்டன் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பனி; இப்போது அதன்மேல் மழை வேறு.

"தண்டவாளத்தில ஐஸ் பிடிச்சிட்டுது அண்ணை, உப்புப் போடுவம்" என்று ஷிப்டில் ஒருவன் வாளியோடு வந்தான். உன் கடைசிக் குளிர்காலத்திலும் இதே வாளி, இதே பேச்சு. நாங்கள் எல்லோரும் குனிந்து உப்புத் தூவ, நீ மட்டும் அண்ணாந்து பார்த்தாய். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அகலக் கூரை அது. மழை ஊறிய பனி ஈரச் சாக்காய்க் கனக்க, வாசலுக்கு மேலிருந்த இரும்பு உத்தரம் தொய்ந்து கதவை அமுக்கிக்கொண்டிருந்தது.

"கீழ என்னத்தையடா பாக்கிறியள், விசரன்களே! கூரை விழமுதல் கதவு சொல்லும். ஓடுங்கோ வெளியில!"

ஓடினோம். இறக்கைக்குக் கீழே காதுக்கு மூடி போட்டுக்கொண்டு ட்ரில் பிடித்த ஒரு போலந்துக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"போகாதையடா" என்று உன் கையைப் பிடித்தேன்.

"விடு, அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வாறன்."

நீ தள்ளிய வேகத்தில் அவர் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தார். அவருக்குப் பின்னால் கூரை விழுந்தது.

பிறகு புதுக் கூரை போட்டார்கள். உருகும் தண்ணீர் உறைந்து அடைக்காதிருக்கக் கூரையோரப் பீலிகளில் சூட்டுக் கம்பியும் இழுத்தார்கள். போன கிழமை அந்தக் கம்பி சுடவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். பிறகு பார்க்கலாமாம். அவருடைய 'பிறகு' நாசமாய்ப் போக!

இன்று அந்த உப்பு வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு எல்லோரையும் வெளியே துரத்தினேன். விமானம் இன்றைக்கே பறக்கவேண்டும் என்று மேலாளர் குதிக்கிறார். குதிக்கட்டும். நான் உயிரோடு நிற்கும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டேன். எதிரே நிறுத்திய வான் வண்டிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். மழை விடவில்லை. உள்ளே இரும்பு நெரிபடும் சத்தம் இங்கேவரை கேட்கிறது.

ஆட்களை எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் வெளியில்தான். ஆனாலும் பாதி திறந்த அந்தக் கதவை விட்டு என் கண் எடுபடவில்லை. வாறன் என்று சொல்லிவிட்டுத்தானேடா உள்ளே போனாய்.